மேடம் கழுவிய பாத்திரம்

ஒரகடத்தில், லாரிப் புகையைச் சுத்தப்படுத்தும் ஜியோலைட் பொடி தயாரிக்கிற கம்பெனியில் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவராக ஒரு மேடம் இருந்தார். நரைத்த கொண்டை, வெள்ளைக் கோட்டுக்குள் கசங்கிய காட்டன் புடவை. பொடியை விளைவிக்கிற பாத்திரத்தை யாரையும் தொட விடமாட்டார். "நீங்க கழுவினா கழுவின மாதிரியே இருக்காது" என்று தானே தேய்ப்பார்.

ஒருமுறை, வழக்கமாகச் சேர்த்தே ஆகவேண்டிய விலை கூடின ஒரு ரசாயனத்தைச் சேர்க்காமலே ஜியோலைட் விளைந்துவிட்டது. எக்ஸ்ரே மெஷினில் பார்த்து, அதே ஜியோலைட் படிகம்தான் என்று சொன்னவன் நான். மேடம் கேட் செக்யூரிட்டிவரை மைசூர்பாகு கொடுத்தார்.

அடுத்து, அதே முறையில் புதுப் பாத்திரத்தில் செய்தபோது வெறும் கூழ்தான் வந்தது. பழைய பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த படிகங்களே அன்று விதையாக இருந்து வளர்ந்திருக்கின்றன.

"பழைய பாத்திரத்துலயே ஓட்டிக்கலாம் மேடம், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேனேஜர்.

மேடம் நேராக இனிப்பு வாங்கிய ஒவ்வொருவரிடமும் போனார்.

"அன்னிக்கு ஸ்வீட் குடுத்தேனே, அது தப்பு. நான் சரியா கழுவலை."

"அதுக்கு இன்னா மேடம், ஸ்வீட்டு நல்லாத்தான் இருந்துச்சி" என்றார் செக்யூரிட்டி.

கடைசியாக என்னிடம் வந்து அதையே சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷின் கதவைத் திறந்து மூடினேன்.

"ரெண்டையும் மெஷின்ல பாத்தவனே நான்தானே மேடம், என்கிட்ட எதுக்கு?"

"நீங்களும் வாங்கிக்கிட்டீங்களே" என்றார், தரையைப் பார்த்தபடி.