வேளா பட்ட இடம்

என் புருஷன் குருசுமுத்து ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மாதா கோயில் பூசைக்குப் போனாலும் பிரசங்கம் தொடங்க முதல் வாசலுக்கு வந்துவிடுவார். கடல் தொழிலில் இருக்கும்வரை அந்தத் துடிப்புக்கு ஒரு வழி இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் வலை இழுக்கும்போது வலது தோள் கழன்றது. இனிமேல் பாரம் இழுக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஊர்காவற்றுறைக் கரையில் நண்டு வாங்கும் வாடிக் கொட்டிலொன்றில் நிறுக்கிற வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலையாக அமைந்தது நல்லதாய்ப் போயிற்று. கதிரையில் இருக்கிற வேலையென்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும், அது நானாகத்தான் இருந்திருக்கும்.

வாடிக்கு வரும் வலைகளில் சில நேரம் பேர் தெரியாத உயிர்களும் வரும். ஒருநாள் முதுகில் மஞ்சள் வரி போட்ட பேத்தை மீன் ஒன்றைக் கைபேசியில் படம் எடுத்தார். அது கைமாறிக் கைமாறி யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற நிமலினி ரீச்சரிடம் போய்ச் சேர்ந்தது. ரீச்சரும் இன்னும் இருபது பேரும் எங்கள் கடலில் காண்கிற புதினமான உயிர்களைப் பதிந்து வைக்கிறார்கள். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. நயினாதீவில் கோயில் பூசை செய்யும் சந்திரமௌலீசன் ஐயாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். வாழ்நாளில் மீனை வாயில் வைக்காத மனிதர், ஒவ்வொரு மீனின் செட்டை முள்ளையும் எண்ணி எழுதுவார்.

குருசுமுத்துவும் சேர்ந்துகொண்டார். படம், திகதி, பட்ட இடம் மூன்றும் அனுப்ப வேண்டும். ஏழு வருடத்தில் நூற்று நாற்பதுக்கு மேல் அனுப்பிவிட்டார். கடலை விட்ட பிறகு அந்த மனிதர் நிமிர்ந்து நடந்தது அதனால்தான். நான் பகிடி பண்ணுவேன், ஆனால் அது எனக்குத் தெரியும்.

போன மாசியில் என் தம்பி மரியநாயகத்தின் வலையில் ஒரு வேளா பட்டது. மூக்கு நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் மாதிரி இருக்கும் மீன். எங்கள் வயதுக்காரர் பேரைத்தான் கேட்டிருக்கிறோம், கண்டதில்லை. தம்பி ஒரு படம் எடுத்துவிட்டு, வலையை அறுத்து அதை உயிரோடு விட்டுவிட்டான். படத்தில் வேளாவும் தண்ணீரும் வள்ளத்தின் விளிம்பும்தான், கரை தெரியவில்லை. குருசுமுத்து அதை அனுப்பி, பட்ட இடம் எழுவைதீவுப் பக்கம் என்று எழுதினார்.

ரீச்சர் உடனே கைபேசியில் அழைத்தார். "அண்ணை, கொழும்பில இருந்து ஆய்வுகாரர் ரெண்டு பேர் வருகினம். வியாழக்கிழமை வள்ளம் பிடிச்சு எழுவைதீவுப் பக்கம் போறம். வேளா அங்க இன்னும் இருக்கெண்டு கண்டால் உங்கட பேரோடதான் வெளியில வரும்."

சந்தோசப்பட வேண்டிய மனிதர் அன்று முதல் சோறு தின்னவில்லை. கிணற்றடியிலிருந்து வாசல் படலை, படலையிலிருந்து கிணற்றடி. இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, செருப்புத் தேயவேணும் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறியளோ?"

அவர் நின்றார். "ஜோசப்பின், வேளா பட்டது மண்டைதீவுப் பக்கம். உம்மட தம்பிதான் சொன்னவன்."

"பிறகேன் எழுவைதீவெண்டு எழுதினனீங்கள்?"

"கை எழுதிப்போட்டுது."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீன் பட்ட இடத்தை ஒருவரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். எங்கள் வள்ளங்கள் போவது எழுவைதீவுப் பக்கம், இல்லாவிட்டால் எதிர்த்திசையில் மண்டைதீவுப் பக்கம். எழுவைதீவுப் பக்கம் பட்டால் மண்டைதீவு என்பார்கள், மண்டைதீவுப் பக்கம் பட்டால் எழுவைதீவு என்பார்கள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு அங்கே பத்து வள்ளம் நிற்கும். கேட்கிறவனுக்கும் அது தெரியும், கோபிக்க மாட்டான். பதினைந்து வயதில் கடலுக்குப் போன என் மனுசனுக்கு அது எலும்போடு ஊறிவிட்டது.

"மற்றப் பதிவுகள்?" என்று கேட்டேன்.

"எல்லாம்தான். ஆர் எந்த இடம் சொன்னாலும் நான் மாத்தித்தான் எழுதினனான். நேரா எழுத எனக்கு வருகுதில்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. படித்த பிள்ளைகள் லீவு போட்டு, இவரை நம்பிப் பிழையான கடலில் போய் நிற்கப்போகிறார்கள். அதோடு எனக்கு இன்னொன்றும் நெஞ்சுக்குள் கிடந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எதுக்கும் தம்பியை ஒருக்கால் கேட்டுப்போட்டு ரீச்சரோட கதையுங்கோவன்," என்றேன்.

"அவனை என்னத்துக்குக் கேட்கிறது? பொய் எழுதினது நான்." கைபேசி அதற்குள் காதில் இருந்தது. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். ரீச்சரின் குரல் எனக்கும் கேட்டது.

"இடம் பிழையெண்டால் அந்தப் பதிவுகளால பிரயோசனம் இல்லை அண்ணை. எல்லாத்தையும் எடுக்க வேண்டி வரும்."

"எடுங்கோ பிள்ளை. நீங்கள் வியாழக்கிழமை மண்டைதீவுப் பக்கம் போங்கோ. சரியான இடத்தை மரியநாயகத்தைக் கொண்டு காட்டுவிக்கிறன்."

ஏழு வருடத்தை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டார். அந்த நேரம் அவரை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. உடனே கரைக்கு நடந்தார், நானும் பின்னால் ஓடினேன். தம்பி வள்ளத்துக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"மண்டைதீவுப் பக்கமோ? அங்க ஏன் அத்தான் போறியள்?" என்றான். "வேளா பட்டது எழுவைதீவுப் பக்கம்."

"நீதானே மண்டைதீவெண்டு சொன்னனீ?"

தம்பி சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "கரையில நிக்கிற ஆக்களுக்கு நாங்கள் எப்ப உள்ளதைச் சொன்னனாங்கள்? நீங்களும் உங்கட காலத்தில சொல்லேல்லையே."

"நான் கரை ஆளோ?"

தம்பி குனிந்து ஊசியை வலைக்குள் விட்டான். "எல்லாரும் அப்பிடித்தான் அத்தான். உங்களுக்கு மாத்தித்தான் சொல்லுறது."

திரும்பி வரும் வழியில் அவரே ரீச்சரைக் கைபேசியில் அழைத்தார். "பிள்ளை, ஒண்டையும் எடுக்க வேண்டாம். முதல் எழுதினதுதான் சரி. எழுவைதீவுக்கே போங்கோ."

"அது எப்பிடி அண்ணை?"

"எனக்கும் மாத்தித்தான் சொல்லியிருக்கினம். நான் அதைத் திருப்பி மாத்தி எழுதியிருக்கிறன்."

ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தது எனக்கும் கேட்டது. வியாழக்கிழமை வள்ளத்தில் அவருக்கும் ஒரு இடம் இருக்கிறது, கட்டாயம் வரவேண்டும் என்றார். பதிவுகள் தப்பிவிட்டன. இவர் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லிக் கைபேசியை மடிக்குள் வைத்தார். பிறகு வேகமாக நடந்தார், என்னால் கூட வர ஏலவில்லை. எங்கள் ஒழுங்கை தொடங்குகிற முடக்கில் திரும்பி எனக்காக நின்றார்.

"எனக்கு மாத்திச் சொல்லுறது உமக்கும் தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க ஏழு வருடம் சொன்ன பொய்யோடு என்னுடையதும் ஒன்றாகப் போயிருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

"ஓம்," என்றேன்.

"எப்ப தொட்டு?"

"உங்கட தோள் கழண்ட கிழமை தொட்டு."