புத்தகத்திலும் சமையல்காரிதானா?

1. கைதட்டல் வாங்கிய பேச்சு

கொடைக்கானலில் நான் நூலகராக இருந்த கடைசி நான்கு வருஷங்கள், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் வாசகர் வட்டம் நடத்தினோம். பதினைந்து பேர் வந்தால் எங்களுக்கு அது பெரிய கூட்டம். ஒரு மாதம், பழைய துப்பறியும் நாவல் ஒன்றையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது என் முறை. நாவலின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. முடிவைச் சொல்லியாக வேண்டும். பெயரையும் சொல்லிவிட்டால் இனிமேல் அதை எடுத்துப் படிப்பவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

மலைமேல் ஒரு பங்களா. வீட்டுக்காரர் விஷத்தால் சாகிறார். நாவலில் கொலையாளி அவருடைய தம்பி. படத்தில் அந்த வீட்டுச் சமையல்காரி. இந்த மாற்றத்தை நான் வெகுவாகப் புகழ்ந்தேன்.

"படம் பூராவும் நம்ம கண்ணு முன்னாடியே நடமாடுறா. ஆனா அவளச் சந்தேகப்படணும்னு நமக்குத் தோணவே இல்ல. டைரக்டர் ஜெயிச்ச இடம் இதுதான்" என்றேன். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் வசந்தா மேடம் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பக்கத்து அட்டுவம்பட்டியில், சொந்தக்காரர் யாரும் உடன் இல்லாமல் வசித்தார். முட்டிவலி என்பதால் பாக்கியம் என்ற அம்மாள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார். பாக்கியம் அந்த வீட்டிலேயே தங்கிப் பதினொரு வருஷமாகச் சமையல் செய்தவர். அவருடைய சிறுவயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கூட்டம் முடியும்வரை பத்திரிகை ரேக் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

அன்று எல்லோரும் எழுந்த பிறகு, வசந்தா மேடம் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாக்கியம் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்தப் படத்த நானும் போன மாசம் அம்மாவோட டிவியில பாத்தேன். புத்தகத்துலயும் சமையக்காரிதானுங்களா?"

"இல்லம்மா. தம்பிக்காரன்னு இப்பத்தான சொன்னேன்."

"கேட்டேங்க. நெசந்தானான்னு இன்னொருக்க கேக்குறேன். அப்ப படத்துல ஏன் மாத்துனாங்க?"

"ஒரு சுவாரசியத்துக்குத்தான்."

"சுவாரசியத்துக்கு" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். குரலில் கோபமில்லை. "அந்தப் புத்தகத்த எனக்குக் குடுப்பீங்களா? எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வெரசா வராது."

அன்றே அவரை உறுப்பினராகச் சேர்த்து, புத்தகத்தை இஷ்யூ போட்டுக் கொடுத்தேன்.

2. மூன்றாவது ரென்யூவல்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டித் தேதி போட்டுக்கொள்வார். இரண்டு ரென்யூவலுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்றாவது முறை வந்தபோது, "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கணுமா? நான் வேணா கதையச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

பாக்கியம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவோட வளையல் ஒண்ணக் காணோம் சார். அந்தப் படம் பாத்த மறுவாரம்."

"உங்களையா கேட்டாங்க?"

"ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். பீரோச் சாவி எப்பவும் சாமி படத்துக்கிட்டதான் கெடக்கும். இப்ப அம்மா இடுப்புல இருக்கு. குளிக்கப் போறப்பயும் எடுத்துட்டுப் போறாங்க."

அப்படியானால் நான் பேசிய அன்று சாவி ஏற்கெனவே இடுப்புக்குப் போயிருந்தது. வசந்தா மேடத்தை முன்வரிசையில் வைத்துக்கொண்டு, பாக்கியத்தைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, கண் முன்னால் நடமாடும் சமையல்காரியைப் பற்றி நான் ரசித்துப் பேசியிருக்கிறேன்.

"நான் மேடம்கிட்ட பேசுறேன்மா."

"வேணாம் சார். வீட்டுச் சமாச்சாரத்த வெளில சொல்லிட்டேன்னு ஆயிரும். புத்தகத்த முடிக்கிறேன். அது போதும்."

ரென்யூவல் போட்டேன்.

3. பாக்கியம் பேசியது

அவர் படித்து முடித்ததும், வட்டத்தில் பேச முடியுமா என்று கேட்டேன். முதலில் மறுத்தார். மறுவாரம் தானாகவே வந்து சரி என்றார். கூட்டத்தில், "அன்னைக்கு அந்தப் படத்தப் பத்தி நான் பேசுனது அரைகுறை. மிச்சத்த பாக்கியம் சொல்வாங்க" என்று மட்டும் அறிவித்தேன். வசந்தா மேடம் திரும்பிப் பார்த்தார்.

பாக்கியம் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க. படிச்சதச் சொல்றேன். புத்தகத்துல அந்தச் சமையக்காரிக்கு மரகதம்னு பேரு. ஒரே மக. எசமானுக்குத் தேத்தண்ணி ஊத்துறப்ப மரகதத்துக்குக் கை நடுங்குது. போலீசு அதப் பாத்து இவதான்னு நெனைக்குது. துப்பறியிறவரு மட்டும் அவ முன்னால உக்காந்து, 'உனக்கு ஒடம்புக்கு என்ன?'ன்னு கேக்குறாரு. அவளுக்கு மூணு நாளாக் காச்சல். அத யாரும் கேக்கல."

புத்தகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"படத்துல அவளுக்குப் பேரே இல்லீங்க. படம் பூரா தட்டக் கொண்டாந்து வைக்கிறா, எடுத்துட்டுப் போறா. கடைசியில பிடிச்சிட்டுப் போறாங்க. நம்ம யாரும் அழல. யாருன்னே தெரியாம எப்படி அழுறது? பேரு வச்சு, காச்சலையும் சொல்லியிருந்தாங்கன்னா, அவ தலையில பழியப் போட அவங்களுக்கே மனசு வந்திருக்காது."

யாரும் கைதட்டவில்லை. வசந்தா மேடம்தான் கேட்டார்:

"பாக்கியம், கொலைகாரன் பிடிபட்ட பிறகு அந்த மரகதம் அதே வீட்டுல இருந்தாளா?"

"இருக்கச் சொன்னாங்கம்மா. அவ இருக்கல. கடைசிப் பக்கத்துல மகளக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிடுறா."

வசந்தா மேடம் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போகும்போது பாக்கியத்தின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு படியிறங்கினார்.

4. திரும்பி வந்த புத்தகம்

அடுத்த புதன்கிழமை பாக்கியம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"அம்மா சாவியப் பழைய எடத்துலயே வச்சிட்டாங்க சார்."

"வளையல் கெடச்சிருச்சா?"

"இல்ல சார். கெடைக்கல. காலையில வெள்ளனே என்னைய எழுப்பி உக்கார வச்சு, 'உன்ன ஒரு வார்த்தகூட கேக்காம தப்பா நெனச்சிட்டேன். நீ போயிடாத'ன்னு அழுதாங்க. நானும் அழுதுட்டேன்."

நானும் மன்னிப்புக் கேட்டேன். பாக்கியம் சிரித்துவிட்டார். "நீங்க படத்தப் பத்தித்தான சார் பேசுனீங்க."

அவர் பெருந்தன்மையாகச் சொன்னது அது. நான் ஓய்வுபெறும்வரை இருவரும் வட்டத்துக்கு வந்தார்கள், ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். வளையலுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. வசந்தா மேடம் அதைத் தேடுவதையே விட்டுவிட்டார்.

நூலக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். கதையைப் பற்றிப் பேச எழுந்து நிற்கும்போது, எதிரே இருப்பவர்களில் ஒருவருக்கு அது வெறும் கதையாக இல்லாமல் இருக்கலாம். வாய் திறக்கும் முன் கடைசி வரிசைவரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் புத்தகங்களோடு கிடந்தும் நான் பார்க்கவில்லை.