பொட்டு வைத்த பிரிபுனல்

அன்றைக்கு மலையம்மாளுக்கு வந்த கோபத்துக்கு, அவள் உச்சந்தலையில் உலை வைத்திருந்தால் ஒரு படி அரிசி வெந்திருக்கும்.

2002, ஆயுதபூஜைக்கு முந்தின நாள். தல்லாகுளத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு, தான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி ஆய்வகத்துக்குத் திரும்பினாள். மேசை முழுக்கக் கழுவித் துடைத்த கண்ணாடிக் குடுவைகள், சந்தனமும் குங்குமமும் இட்டு, கல்யாணப் பெண்கள் மாதிரி வரிசையாக நின்றன. நடுவில் அவளுடைய பிரிபுனல், கலந்த திரவங்களைப் பிரித்தெடுக்க அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குடுவை. உள்ளே ஒன்றுமில்லை.

உசிலம்பட்டியில் தம்பி அழகுபாண்டி விடியுமுன் பப்பாளிக் காயைக் கீறி எடுத்த பால் காலையில் அதில் இருந்தது. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்து, பாலிமரும் உப்பும் சேர்த்துக் குலுக்கி வைத்திருந்தாள். சும்மா விட்டால் அது இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே பாலிமர்த் தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். பசும்பாலைத் திரிக்கிற பப்பாயின் என்கிற புரதம் மேலடுக்கில் ஏறிக்கொள்ளும். வேண்டாதது பெரும்பாலும் கீழே தங்கும். எவ்வளவு ஏறியது என்ற கணக்கை, லீவு முடிகிற அன்று காலையிலேயே ஆராய்ச்சிக் குழுவின் முன் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும், அதோடு படிப்பும்.

உதவியாளர் உமேஷ் தலையைச் சொறிந்தார். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். யாரோ அலசிவிட்டு மறந்துபோனது என்று நினைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டாராம். துறைத்தலைவர் வெங்கடசுப்பிரமணியன் சிரித்துக்கொண்டே, பூஜைக்கு வைத்ததைத் தொடக்கூடாது, லீவு முடியட்டும் என்றார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள். வீட்டுக் கத்தியும் பூஜையில் இருக்கிறதாம், தொட்டால் அப்பத்தா கொன்றுபோடுமாம்.

"கத்தி சாமி கும்பிடட்டும்டா. சவரப் பிளேடு எந்தச் சாமிய கும்பிடுது? விடியறதுக்குள்ள நாலு காயக் கீறு."

மறுநாள், தம்பி கீறிய புதுப் பாலோடு அவள் பூட்டிய ஆய்வகத்தின் முன் நிற்க, குற்ற உணர்ச்சியில் வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் சாவி கொண்டுவந்தவர் உமேஷ்தான். மலையம்மாள் சந்தனத்தைத் துடைத்த வேகத்தில் கண்ணாடியே ஒரு சுற்று இளைத்துவிட்டது. கரைத்தாள், கலந்தாள், குலுக்கினாள், முறைத்துக்கொண்டே காத்திருந்தாள். மத்தியானம் மேலடுக்கில் ஒரு சொட்டு எடுத்துப் பசும்பாலில் விட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் பால் திரிந்தது. கீழடுக்கின் சொட்டுக்குப் பால் அசையவே இல்லை.

உமேஷ் சந்தோஷத்தில் மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"அண்ணே, அந்தத் துணி இந்தப் பக்கம் வந்துச்சு, அடுத்த வருசம் உங்களத்தான் கழுவி மேசையில நிறுத்துவேன்."

லீவு முடிந்த அன்று குழு கணக்கைப் பார்த்தது. நூற்றுக்கு எண்பத்தாறு மேலடுக்கில். உதவித்தொகையை இன்னும் இரண்டு வருடம் தரலாம் என்றார்கள். எல்லாம் சரஸ்வதி கடாட்சம் என்று துறைத்தலைவர் மறுபடி சிரித்தார்.

மலையம்மாள் சிரிக்கவில்லை. உதவித்தொகைப் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கையெழுத்தப் போடுங்க சார்."