ஒன்றேகால் அங்குல மழை

அளப்பதற்கு ஆள் இருக்கும் ஊரில்தான் மழை பெய்யும் என்று ஒன்பது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். அதைவிட மோசமானவற்றை நம்பி ஓட்டுப் போட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த ஞானத்தை எனக்கு அருளியவர் சித்தப்பா. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டு நடத்துகிறவர். இரண்டையும்விட அவருக்கு முக்கியமான உத்தியோகம் ஒன்று இருந்தது, சம்பளமில்லாதது. எங்கள் முற்றத்தில் மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, மூன்று செங்கல்லுக்கு நடுவே ஒரு வட்டப் பிஸ்கட் டின்னை வைத்திருந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு அதன் முன் குந்தி உட்கார்ந்து, அடிக்கோலை உள்ளே நட்டு, நனைந்த அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார். பூதப்பாண்டியில் ஒரு கம்பவுண்டர் இதே அளவு டின் வைத்திருந்தார். அவருடைய கணக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பஸ் கண்டக்டர் கையில் வரும். இந்த இரண்டு பேர் சேர்ந்த கூட்டத்தை அப்பா ‘வருணசபை’ என்பார்.

சித்திரை, வைகாசியில் வருணசபைக்குத் தலைகால் புரியாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். இடி உருளும். எங்கள் வயலில் கொட்டுகிற மழை வரப்பைத் தாண்டாமல் நின்றுவிடும். அப்படி ஒரு நாள், ஏன் இங்கே மட்டும் பெய்தது, கிழக்கே பெய்யவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“அங்க அளக்க யாரு இருக்கா மக்கா?” என்றார்.

பெய்ததா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர் சொன்னது. எனக்கு வேறுவிதமாகப் பிடிபட்டது. டின் இருக்கிற இடத்துக்கு மழை வருகிறது. யோசித்துப் பார்த்தேன், மழை பெய்த நாளெல்லாம் டின்னில் தண்ணீர் இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சித்தப்பாவின் நேர்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை கம்பவுண்டர் அரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவான மழையை அரை அங்குலம் என்றே எழுதி அனுப்பிவிட்டார். சித்தப்பா பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. பெய்யாத மழையைப் பெய்தது என்று சொல்லுகிறவன் நாளைக்கு மருந்தையும் மாற்றிக் கொடுப்பான் என்றார். ஊரில் மழையைப் பற்றி எந்த வழக்கு வந்தாலும் அவர் வாய்ச்சொல் தீர்ப்பு.

அந்த வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்பாவின் ஒரே தங்கை. மாப்பிள்ளை ஊர் எங்களுக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழிக்குப் போகிற சாலையில் மூன்று மைல். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிக்கை வாசித்தாயிற்று. சாயங்காலம் நாலு மணிக்குத் தாலிகட்டு. நாலு மணி, வைகாசி மாசம், ஓலைப்பந்தல், முந்நூறு பேருக்குச் சாப்பாடு: அப்பாவுக்குத் தூக்கம் போனது. மழை வருமா என்று சித்தப்பாவைத் துளைத்தார். மலை கறுத்தால் பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம் என்று சித்தப்பா சாஸ்திரம் பேசினார். மழையைக் கூப்பிடுகிற டின்னை நடு முற்றத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.

குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வாழைத்தாரும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டி போயிற்று. நானும் தொற்றிக்கொண்டேன். டின் ஒரு சாக்குக்குள் என் காலடியில் இருந்தது. அந்த ஊருக்குச் சற்று முன்னால், வாய்க்கால் பாலத்தருகே மாடுகள் தண்ணீர் குடிக்க நின்றபோது, மைல்கல்லுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் அதை வைத்துவிட்டு வந்தேன். மழைக்கு இனி எங்கள் ஊரில் ஒரு சோலியும் இல்லை.

மறுநாள் காலையில் டின்னைக் காணாமல் சித்தப்பா பந்தல்காரர்களைச் சந்தேகப்பட்டுத் திரிந்தார். நான் எதுவும் தெரியாத மாதிரி பூந்தி தின்றேன்.

மூன்று மணிக்குக் கிழக்கே மலை கறுத்தது. மாப்பிள்ளை ஊர்ப் பக்கம்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வெள்ளைப் பட்டும் தலையில் வலையுமாக அத்தை வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையைக் காணோம். நாலரை ஆயிற்று. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு தொடங்கியது. அப்போது மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அங்கே பேய்மழை, வாய்க்கால் உடைத்துக்கொண்டது, வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்றார். அவருடைய சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மனிதனுக்கு வியர்க்கவும் செய்யும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதெல்லாம், நான் வைத்த டின் வேலை செய்துவிட்டது. அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. மாப்பிள்ளை வெள்ளத்தில் மிதந்து போவதை மனசுக்குள் பார்த்தேன். கூடவே நாங்கள் அனுப்பிய வாழைத்தாரும் மிதந்தது. போலீஸ்காரர் என்னைத் திருவனந்தபுரம் ஜெயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனார். பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு, இனிமேல் பூந்தி திருடுவதில்லை என்று கர்த்தரிடம் சம்பந்தமில்லாத ஒரு வாக்குறுதி கொடுத்தேன்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒரு இடத்தில் நிற்கவில்லை. பொழுது சாயும் வரைதான் காத்திருக்க முடியும் என்று போதகர் சொன்னார். அப்பா சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

“மழைன்னா வரட்டு, காத்து நிப்போம். வேற எதாம் காரியம்னா பொண்ணு எனக்க வீட்டிலேயே இருக்கும். மனசில்லாத்தவன் கையில குடுக்க மாட்டேன்.”

பெண் வீட்டிலேயே இருந்துவிடும் என்றதும் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். சித்தப்பாவை வெளியே இழுத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

“எங்க வச்ச? வெட்டவெளியா? மேல மரம் கிரம் உண்டுமா?” என்று கேட்டார் சித்தப்பா. அவருடைய கண் பளபளத்தது. கிழக்கே ஒரு டின் வைக்க அவர் ஒரு வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிஷம் அவருடைய சைக்கிள் பாரில் நான் இருந்தேன். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் போவதாக ஊருக்குச் சொன்னார். வழியெல்லாம் என் காதருகே மழைக்கணக்குத்தான். இரண்டு அங்குலம் இருக்கும், மூன்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. பாதி வழி தாண்டியதும் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. சைக்கிளுக்குப் பின்னால் செம்மண் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

மைல்கல்லருகே டின் வைத்தபடியே இருந்தது. உள்ளே இரண்டு உலர்ந்த இலைகளும் ஒரு கறுப்பு வண்டும். வண்டு சுவரில் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. சித்தப்பா டின்னின் அடியை விரலால் தடவி, ஈரமில்லாத விரலைப் பார்த்தார்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாய்மாமன் குதித்து இறங்கி, என்ன மழை, என்ன இடி என்று கையை விரித்து வர்ணிக்கத் தொடங்கினார். சக்கரத்துப் புழுதி வாயில் போக, இருமினார். சித்தப்பா அவரைத் தாண்டிப் போனார். பின் வண்டியில் கோட்டும் தலைப்பாகையுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை இறக்கி, பாலத்து ஓரமாகக் கூட்டிப்போனார். நான் டின்னோடு பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையின் காலில் முழங்கால் வரை செம்மண் புழுதி படிந்திருந்தது.

“உமக்கு மனசு உண்டுமா இல்லியா? இல்லைன்னா இப்பவே சொல்லும். மழை நிக்கல்ல, வழி இல்லன்னு நான் போய்ச் சொல்லிக்கிடுகேன். உம்ம பேரு கெடாது, எங்க பிள்ளைக்க பேரும் கெடாது.”

மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மனசு உண்டு சாரே. பயந்துட்டேன்.”

“இப்ப?”

“இப்பவும் பயம் உண்டு. ஆனா வாறேன்.”

இடிக்குப் பயப்படுகிற ஆளுக்கா எங்கள் அத்தையைக் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய வருத்தமாகிவிட்டது. நான்கூட இடிக்குப் பயப்படமாட்டேன்.

பிறகு சித்தப்பா செய்தவை எதுவும் எனக்குப் புரியவில்லை. பாலத்தின் மேல் போக வேண்டிய வண்டிகளை வாய்க்காலில் இறக்கிக் கரையேற்றச் சொன்னார். சக்கரமெல்லாம் சேறு. மாப்பிள்ளையிடம் காலைக் கழுவி, வேட்டிக் கரையை நனைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாக வண்டைப் பத்திரமாகப் புல்லில் விட்டுவிட்டு, டின்னில் வாய்க்கால் தண்ணீரை மொண்டார். விரலால் அளந்து பார்த்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி அளந்தார்.

டின்னில் மழைத்தண்ணீர் இல்லையே என்று கேட்டேன்.

“வத்திப் போச்சு மக்கா.”

“அதுக்குள்ளயா?”

“கேள்வி கேட்டியானா உன்னை இங்க விட்டுட்டுப் போயிருவேன், கேட்டியா.”

வாயை மூடிக்கொண்டேன். என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று விளங்கிவிட்டது. மழையை வரவழைத்தவன் நான். வரவழைத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

கோயில் படியில் ஊரே நின்றது. சித்தப்பா நேரே போய் டின்னை அப்பாவின் முன்னால் நீட்டினார்.

“ஒண்ணே கால் அங்குலம்.”

அவ்வளவுதான். ஒரு நூலுக்காகப் பதினைந்து நாள் பேசாமல் இருந்த மனிதரின் வார்த்தை. அப்பா டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்; சேறு படிந்த சக்கரங்களைப் பார்த்தார்; தோள் இறங்கியது. பெண்கள் பக்கத்து முணுமுணுப்பு, பாவம் எப்படிக் கஷ்டப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று மாறியது. அப்பா டின்னைத் தானே வாங்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்கும்படி பிரசங்க பீடத்தின் அடியில் வைத்தார்.

தாலி கட்டி முடித்துக் கீர்த்தனை தொடங்கியபோது வானம் பிளந்தது. அந்த வருஷத்தின் பெருமழை எங்கள் ஊரில், எங்கள் கோயில் ஓட்டின் மேல், எங்கள் பந்தலின் மேல் கொட்டியது. எனக்கு ஆச்சரியமே இல்லை. டின் திரும்பி வந்துவிட்டதே. மழை அதைத் தேடிக்கொண்டு வந்து ஓட்டைத் தட்டுகிறது. சித்தப்பாதான் ஜன்னலைப் பார்ப்பதும், பீடத்தடியில் இருந்த டின்னைப் பார்ப்பதுமாகப் பாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கீர்த்தனை ஓடிய வேகத்தில் அதற்குப் பிறகு ஒருநாளும் ஓடியதில்லை. ஆனாலும் பாட்டு நடத்துகிறவர் நடுவில் எழுந்து போக முடியுமா? எழுந்தாலும், இந்த மழையை அளப்பதற்காகப் பழைய மழையின் சாட்சியை ஊரார் முன்னால் கவிழ்க்க முடியுமா?

பந்தல் ஒழுகி, முந்நூறு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மழையை வரவழைத்த குற்றத்தை நான் இருபது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அத்தை வீட்டில், அத்தையின் புருஷனான மாமாவிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் அத்தை அடுக்களையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணத்தன்று மத்தியானம் அவர் ஆரல்வாய்மொழி வரை நடந்தே போய், திருநெல்வேலி பஸ்ஸுக்காக எல்லைச் சுங்கச் சவுக்கையடியில் உட்கார்ந்திருந்தாராம். தாய்மாமன் போய்ப் பிடித்தாராம்.

சித்தப்பா இறந்தபின் அவருடைய மழை நோட்டு என்னிடம் வந்தது. அந்தத் தேதியைத் தேடினேன். வாய் பொய் சொல்லியிருந்தது, நோட்டு சொல்லவில்லை. இரண்டே வரிகள்.

நம் ஊர்: பெருமழை. அளக்கவில்லை.

கிழக்கே, வாய்க்கால் பாலம்: மழை இல்லை.