மரக்கறி இழுப்பறையில் ஒரு ராணி

குளிர்காலம் முழுக்க, பல் துலக்கும் முன்பே தங்கராசா குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார். கீழே மரக்கறி வைக்கும் இழுப்பறையை ஒரு சாண் இழுத்து, குனிந்து பார்த்துவிட்டு மூடுவார். கறுப்புக் காகிதம் சுற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று அங்கே படுத்திருக்கும். உள்ளே ஒரு ராணி எறும்பும் அதன் பரிவாரமும். காகிதத்தை விலக்கிப் பார்க்கும் உரிமை வீட்டில் அவருக்கு மட்டும்தான். அந்த இழுப்பறையில் யாராவது ஒரு பச்சை மிளகாயை வைத்துவிட்டால் அந்த ஜெர்மன் நகரம் கெல்சென்கிர்ச்சனே அதிரும்.

கோபம் மனிதருக்குக் கூடப் பிறந்தது. நடைபாதை எறும்புக்குக் கொதிநீர் ஊற்றிய மேல்வீட்டுக்காரியோடு இன்றுவரை பேச்சில்லை. தமிழ்ப் பாடசாலை விழாவில் ஆசிரியை மைதிலி, எறும்பு மாரிக்குத் தானியம் சேர்க்கும் என்று மேடையில் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து எழுந்தேவிட்டார். "பொய்யைச் சொல்லிக் குடுக்காதேங்கோ பிள்ளை! இஞ்சத்தைக் கறுப்பெறும்பு ஒண்டும் சேர்க்காது. குளிர் வாறதுக்கு முன்னம் திண்டு கொழுத்துப்போட்டு, ராணியைச் சுத்தி ஒட்டிக்கொண்டு கிடக்கும்!"

ராணி கிடைத்தது ஒரு கோடையில், பஸ் தரிப்பிடத்தில். சிறகு உதிர்த்துத் தனியாக ஊர்ந்துகொண்டிருந்ததைச் சோற்றுப் பெட்டியில் ஏந்தி வந்தார். அது தன் உடம்பைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்ததை இராப்பகலாகப் பார்த்தவர் அவர்.

மார்கழியில் திருவெம்பாவை விரதம் வந்தது. மனைவி கமலநாயகி வழக்கம்போல் மச்சம் மாமிசமெல்லாம் ஒதுக்கி, குளிர்சாதனப் பெட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். குழாய் கையில் அகப்பட்டது. காகிதத்தை விலக்கிப் பார்த்தால், எல்லாம் விறைத்துக் கிடந்தன. மனம் கேட்கவில்லை. ஹீட்டர் மேல் வைத்து, குழாயின் வாயை அடைத்திருந்த பஞ்சில் தேனும் தொட்டுவிட்டாள்.

வேலை முடிந்து வந்த தங்கராசா கண்டது, குழாய்க்குள் தலைதெறிக்க ஓடும் எறும்புகளை.

"சாக்காட்டிப்போட்டீரே! ஆரைக் கேட்டு வெளியிலை எடுத்தனீர்?"

"ஒரு சீவனைப் பட்டினி போட்டுட்டு என்னாலை விரதம் பிடிக்க ஏலாது."

"பட்டினியோ? அது நித்திரையப்பா! இந்தச் சூட்டிலை ஓடியோடி இருக்கிற கொழுப்பெல்லாம் எரிஞ்சுபோம். நித்திரை குழம்பினால் ராணி முட்டையும் இடாது. மூண்டு வருசம் வளத்தனான்..." குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்து, கதவை ஓங்கி அடித்தார்.

கமலநாயகியும் விடவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். "மிளகாய் வைக்காதையும், பெட்டிக் கதவைத் திறந்து வச்சிருக்காதையும் எண்டு கத்தத்தான் தெரியும். ஏனெண்டு ஒருநாள் சொன்னனீங்களே? மைதிலி ரீச்சருக்குச் சபையிலை வகுப்பெடுப்பியள். நான் ஆர்?"

தங்கராசா குழாயை ஹீட்டரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

சூட்டிலிருந்து நேரே குளிருக்குள் வைக்கவும் கூடாது. ஹீட்டரை அணைத்து, குசினி யன்னலைத் திறந்துவிட்டு, கோட்டோடு மேசைமுன் உட்கார்ந்தார். பனிக்காற்று உள்ளே வந்தது. எறும்புகளின் ஓட்டம் மெல்லத் தளர்ந்தது. ஒன்று ராணியோடு ஒட்டி நின்றது. பிறகு இன்னொன்று. கமலநாயகி விளக்கு வைத்து முடித்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிர்க் கதிரையில் வந்து அமர்ந்தாள். அவளுக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் யன்னலை மூடச் சொல்லவில்லை.

தங்கராசா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விலகிக் கிடந்த கறுப்புக் காகிதத்தை முழுதாக உருவி எடுத்துவிட்டு, குழாயை ஒற்றை விரலால் மெல்ல அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.