தம்பிக்கு அனுப்பிய குரல்

லண்டனின் செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் காலைகளில் ஓர் அக்காவைச் சந்திப்பேன். பெரிய சாம்பல் நிறக் கோட்டுக்குள் ஒடுங்கி நின்று, தம்பிக்குக் குரல் செய்தி பதிந்து அனுப்புவார். தம்பி வேலை செய்யும் நாட்டில் அரசாங்கம் காரணம் சொல்லாமல் இணையத்தை நிறுத்தியிருந்தது.

“இப்ப அனுப்பினா அங்கை போய்ச் சேராதெல்லோ அக்கா?” என்றேன்.

“இணையத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒண்டாய்ப் போகும்தானே. அதுவரைக்கும் அந்த அரசாங்கத்தைத் திட்டித் திட்டி அனுப்புறன்” என்று சிரித்தார்.

இணையம் திரும்பிய வாரம் கைபேசியை என்னிடம் நீட்டினார். எல்லாச் செய்திகளும் கேட்கப்பட்டதாக நீல அடையாளம் காட்டியது. பதில் ஒன்றும் இல்லை.

“அங்கை தெருவில பொலிஸ் மறிச்சுப் போனைப் பறிக்கிறாங்களாம். இதைக் கேட்டது என்ரை தம்பிதானே?”

கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ரயில் வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை. அதன்பிறகு அவரை அந்த நிலையத்தில் நான் காணவேயில்லை.