சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை

சென்னையில் டிராம் வண்டிகள் நின்றுபோவதற்குச் சற்று முந்தைய காலம். ராயபுரத்தில், கடற்கரையை ஒட்டி, வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அப்போது நான் எம்.பி.பி.எஸ். பாஸ் செய்தவள். இடுப்பில் கைக்குழந்தை. வேலை மட்டும் இல்லை.

வேலை இல்லாமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் படிப்பு முடித்தால் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியிலேயே தங்கி, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி எடுத்து முடிக்க வேண்டும். அதை முடித்ததற்குச் சான்று இல்லாதவரை எந்த ஆஸ்பத்திரியும் வாசற்படி ஏற்றாது. நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சியில் சேர்ந்து பாதி வருஷம் ஓட்டியிருந்தேன். இடையில் கல்யாணமாகிக் கர்ப்பமும் ஆனேன். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வெகு அன்பாக உட்காரச் சொன்னார்.

"நீயே எழுதிக் கொடுத்துடும்மா. நாங்க அனுப்பினதா இருந்தா உனக்குத்தான் பின்னால கஷ்டம். உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார்.

அப்போது நான் இருந்தது பிரசவ வார்டு. ஒரு நாளைக்கு எத்தனையோ பெண்களிடம் "பயப்படாதே, எல்லாம் நல்லபடியா ஆகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சொந்தக் காரணங்களை முன்னிட்டு ராஜினாமா செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பேனாவும் அவரே கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அப்பா தெற்கேயிருந்து வந்து கொத்தவால் சாவடிப் பக்கம் மிளகாய் மண்டி வைத்தவர். தாயில்லாப் பெண்ணை மருத்துவம் படிக்கவைத்ததற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "கடைசியில் அடுப்புக்குத்தான் வந்தாளா?" என்று அவர்கள் கேட்கப்போகும் நாளை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிள்ளை பிறந்து, தலை நின்றதும் மிச்சப் பயிற்சியை முடிக்க மறுபடி இடம் தேடக் கிளம்பினேன். மாமியார் பிரசவத்துக்கு வந்திருந்தவர், ஊரில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டார். கணவருக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. அதனால் போகிற இடத்துக்கெல்லாம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

எங்கே போனாலும் அதே இரண்டு கேள்விதான். "முன்பு இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள்?" உண்மையைச் சொன்னால் முகம் மாறும். சொல்லாவிட்டால் ஏதோ தப்புச் செய்து துரத்தப்பட்டவள் என்று நினைப்பார்கள். அடுத்தது, "குவார்ட்டர்ஸில் தங்க வேண்டுமே, குழந்தையை என்ன செய்வீர்கள்?" ஒரு பெரியவர், பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வந்து பார்க்கச் சொன்னார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே நல்ல யோசனை சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

ராயபுரத்து ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்று கூடப் படித்தவள் சொன்னாள். எனக்குத் தெரிந்து அதுதான் கடைசி இடம். போன அன்று பிள்ளை தோளில் நன்றாகத் தூங்கிவிட்டான். அங்கிருந்த ஆயா, "நான் வெச்சிருக்கேம்மா, நீங்க உள்ளே போயிட்டு வாங்க" என்று வாங்கிக்கொண்டாள். பத்து நிமிஷ வேலைதானே என்று கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெரிய டாக்டரம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நரைத்த தலையை இழுத்து முடிந்துகொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் விறைப்பாக இருப்பார். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை வார்டுக்குக் கூப்பிட, எழுந்து போனார். நேரம் ஓடியது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் வேளை தாண்டி, ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

"உன்னை மாதிரிப் படிச்சவ எனக்குத் தேவைதான். ஆனா ஒண்ணு சொல்லு. இங்கே ஒருத்திக்கு ரத்தம் போயிட்டிருக்கு, அங்கே உன் குழந்தை அழுதுட்டிருக்கு. எங்கே போவே?" என்று கேட்டார்.

என்னைத் துரத்துவதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. பதில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கேட்டார். என்னிடம்தான் பதில் இல்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

வெளியே வந்தால் ஆயாவைக் காணோம், பிள்ளையையும் காணோம்.

தாழ்வாரம் முழுக்கத் தேடினேன். கேட்டில் இருந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் வேலையாவது, சான்றாவது! பிள்ளை கிடைத்தால் போதும், இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். கடைசியில் ஆயா பிரசவ அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவசரமாக் கூப்பிட்டாங்கம்மா. மருந்து வாங்க வந்த குப்பத்துப் பொம்பளை கையிலே கொடுத்துட்டுப் போனேனே! இங்கேதானே உட்கார்ந்திருந்தா!" என்று அவளும் பதறினாள்.

ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டித்தான் மீனவர் குப்பம். சுற்றிக்கொண்டு ஓடினேன். மணலில் செருப்பு புதைந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கோலத்தைப் பார்த்ததுமே ஒருத்தி எழுந்து குடிசைக்குள் கையைக் காட்டினாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பச்சைச் சேலை, காதில் பெரிய கம்மல்.

"இன்னாத்துக்குமா இப்டி ஓடியாறே? புள்ள எங்க பூடப் போறான்? தோ, தூங்கினு கீறான் பாரு."

உள்ளே ஒரே தூளியில் இரண்டு குழந்தைகள். ஒன்று அவளுடையது, இன்னொன்று என்னுடையது. வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது.

"ஆயா உள்ள ஓட்ச்சி. இவன் அளுது அளுது மூஞ்சியெல்லாம் செவந்து பூட்ச்சி. எனுக்கும் வூட்ல புள்ள பசில கெடக்குது. அதான் இட்டாந்து ரெண்டுத்துக்கும் ஒண்ணா குட்த்துட்டேன்" என்றாள்.

கோபமாகக் கேட்க வாயெடுத்தவள், அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளுக்குக் குழப்பம். தான் செய்ததில் தப்பு இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் குப்பத்தில் அழுகிற பிள்ளையை யார் தூக்கினாலும், யார் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது ஒரு விஷயமே இல்லை. தாய்க்காரி வேலை முடிந்து வந்து, "எவகிட்டடீ கீது எம்புள்ள?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். அவ்வளவுதான்.

ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று கேட்டார்கள். அழுத மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பச்சைச் சேலைக்காரி மோவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புள்ள பெத்ததுக்கா வேலைய வுட்டுத் தூக்குனாங்கோ? அதுவும் புள்ள பெக்குற எடத்துலயா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை படித்தவர்களிடம் இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன்! ஒருத்தராவது இதை இப்படிப் பார்க்கவில்லை.

சிரிப்போடு விட்டுவிடவில்லை அவர்கள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "வா, அந்தப் பெரியம்மாவ ஒரு கேள்வி கேப்போம்" என்று கிளம்பிவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. ஒருத்தி மீன் கூடையோடு வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"டாக்டரம்மா, இந்தப் பொண்ணோட புள்ள எங்ககிட்ட இருக்கட்டும். நீ இதுக்கு வேலை குடு" என்றாள் பச்சைச் சேலைக்காரி, பெரிய டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு.

"விளையாடுறீங்களா? கூடையை முதல்ல வெளியே வை!" என்று அவர் சத்தம் போட்டார். கூடை வெளியே போனது. இவர்கள் போகவில்லை. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில் வா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போனபோது அவர் ஆஸ்பத்திரியில் இல்லை. குப்பத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நானும் ஓடினேன். அந்தக் கஞ்சி போட்ட சேலையோடு குடிசைக்குள் குனிந்து, தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பச்சைச் சேலைக்காரியின் நகத்தைக்கூட விடவில்லை. பிறகு, "நீங்க எல்லாம் மீன் விக்கப் போயிட்டா, யார் இருப்பா?" என்று கேட்டார்.

"அதெப்டிம்மா எல்லாரும் போவோம்? கட்டுமரம் கரைக்கு வரச்சொல்ல ஏலத்துக்கு நாலு பேரு போவோம். அவங்க வந்தப்புறம் தெருவுக்குக் கூடை தூக்குறவங்க போவாங்கோ. வூட்ல எப்பவும் பால் குடுக்குறவ ஒருத்தி இருப்பா. இல்லாங்காட்டி எங்க புள்ளைங்க எப்டி வளரும்?"

யார் எப்போது போவாள், யார் எப்போது வருவாள், யாருக்குக் கைக்குழந்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார் பெரிய டாக்டரம்மா. வெளியே வந்ததும் என்னிடம், "நம்ம டியூட்டி ஏற்பாட்டைவிட இது ஒழுங்கா இருக்கு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ஹவுஸ் சர்ஜன் குவார்ட்டர்ஸ்ல தங்கணும்னுதான் விதி. குழந்தை எங்கே தங்கணும்னு அதிலே ஒண்ணும் இல்லை. இன்னிக்கே சேர்ந்துடு."

ஆஸ்பத்திரிப் பின்சுவரில் ஓரிடத்தில் செங்கல் சரிந்து இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அதுதான் எங்கள் வாசல். பால் வேளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டாக்டரம்மா, ஒன் நைனா வந்துகிறாரு!" என்று என் பிள்ளையைச் சுவர்மேல் தூக்கிக் காட்டிக் குரல் கொடுப்பார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். போக முடியாதபடி வேலை இருந்தால் ஆயாவைவிட்டுச் சொல்லியனுப்புவேன். அந்தப் பக்கத்தில் யார் மடியிலாவது அவன் பசி ஆறிவிடும். எனக்கு ராத்திரி டியூட்டி இல்லாத நாட்களில் அவன் குவார்ட்டர்ஸில் என்னோடுதான் தூங்கினான். பெரிய டாக்டரம்மா அதைக் கவனிக்கவே இல்லை. அத்தனை கூர்மையான கண் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மங்கிப்போனது.

மழைக்காலம் வந்தது. பச்சைச் சேலைக்காரிக்குத் தம்பி ஒருவன் உண்டு. அவன் மனைவிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பெண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல் கண்டு, பால் ஊறவில்லை. சாதாரண நாளாக இருந்தால் குப்பத்திலிருந்து யாராவது சுவரேறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அன்று காலையில் கடல் பொங்கிக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்து, எல்லோரையும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என் பிள்ளையும் அவர்களோடுதான் இருந்தான். பத்திரமாக இருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

வார்டில் அந்தச் சிசு கத்திக்கொண்டே இருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தால் துப்பியது. வார்டில் வேறு பால் கொடுக்கிற தாயும் அன்று இல்லை. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய், அது ஓய ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். அந்த வார்டிலேயே, தாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அது வெடுக்கென்று பற்றிக்கொண்ட வேகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. காய்ச்சலில் கிடந்த தாய் கண்ணைத் திறந்து பார்த்தாள். "நீயாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எனக்கும்தான்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரம்மா வார்டு சுற்றி வந்தார். டியூட்டி கோட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நின்றார். எழுந்திருக்கப் போனேன். இருக்கும்படி கையைக் காட்டினார். பிறகு கட்டிலைச் சுற்றியிருந்த திரையைத் தானே இழுத்து மூடிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பயிற்சி வருஷத்தை முடித்தேன், சான்று வாங்கினேன், அப்பா அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன், எத்தனையோ பிரசவம் பார்த்தேன். ஆனால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மனசு மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கிறது. ஒரு பிள்ளையைப் பெற்றவள் டாக்டர் வேலைக்கு ஆகமாட்டாள் என்று என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அன்று அந்த வார்டில் என் படிப்பு கைவிட்ட இடத்தில் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியது, நான் பிள்ளை பெற்றவள் என்பது ஒன்றுதான்.